ஸ்வாப்: கெர்னலின் டோக்கன் கணக்கு ஏன் மாற்றி எழுதப்படுகிறது?

"ரேம் பத்தலையா? ஸ்வாப்பைக் கூட்டிடு." "எஸ்எஸ்டி போட்டாச்சா? அப்ப ஸ்வாப்பை அணைச்சிடு, டிஸ்க் தேஞ்சிடும்." கணினி பற்றிப் பேச்சு வந்தால் இந்த இரண்டு அறிவுரைகளும் தவறாமல் வரும். சில நேரம் ஒரே ஆளிடமிருந்தே வரும். (ரேம் என்பது நிரல்கள் ஓடும்போது பயன்படுத்தும் வேகமான நினைவகம். ஸ்வாப் என்பது ரேமில் இருப்பதை எடுத்து வைக்க டிஸ்க்கில் ஒதுக்கும் இடம். எஸ்எஸ்டி என்பது சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்.) இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு, நிறையக் குழப்பமும் உண்டு. இப்போது இன்னொன்று சேர்ந்திருக்கிறது: லினக்ஸ் இயங்குதளத்தின் கெர்னலில் ஸ்வாப் பகுதியைத் திருத்தி எழுதுகிறார்கள் என்ற செய்தி. உடனே "இனி ஸ்வாப்பும் ரேம் மாதிரி ஓடும்" என்று கிளம்பிவிட்டார்கள்.

ஓடாது. டிஸ்க்கின் வேகத்தைக் கெர்னலால் கூட்ட முடியாது. அங்கே மாறுவது கணக்கு எழுதும் முறை. எந்தப் பக்கத்தை (ரேமின் ஒரு சின்னத் துண்டை) எங்கே வைத்தோம், அது யாருடையது, யாராவது அதை இப்போது திரும்பக் கேட்கிறார்களா என்பதையெல்லாம் குறித்து வைக்கும் புத்தகம்தான் புதிதாகிறது. அது ஏன் பெரிய விஷயம் என்று புரிய, ஸ்வாப் எதற்காக இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

(கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி. நினைவகம், டிஸ்க், செயலியின் (சிபியுவின்) நேரம் ஆகியவற்றை எல்லா நிரல்களுக்கும் பங்கிட்டுக் கொடுப்பது அதன் வேலை.)

## மேசை மேல் இரண்டு வகைத் தாள்கள்

மேசையில் உட்கார்ந்து படிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேசை மேல் நூலகத்திலிருந்து எடுத்து வந்த புத்தகங்கள் இருக்கின்றன. கூடவே நீங்கள் கைப்பட எழுதிய குறிப்புகளும் இருக்கின்றன. மேசை நிரம்பிவிட்டது, புதிதாக ஒன்றை வைக்க இடம் இல்லை. என்ன செய்வீர்கள்? நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். வேண்டுமென்றால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். கைக்குறிப்பை அப்படி விட முடியாது. அதற்கு வேறு பிரதி கிடையாது, தூக்கிப் போட்டால் போனதுதான். அதைப் பத்திரமாக வைக்க ஒரு இழுப்பறை வேண்டும்.

மேசைதான் ரேம். இழுப்பறைதான் ஸ்வாப்.

கெர்னல் ரேமைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து நிர்வகிக்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் பக்கம் என்று பெயர். பெரும்பாலான கணினிகளில் ஒரு பக்கம் 4,096 பைட். டிஸ்க்கில் உள்ள கோப்பிலிருந்து படித்து வந்தது கோப்புப் பக்கம். அதுதான் நூலகப் புத்தகம். நிரல் ஓடும்போது தானாக உருவாக்கிக்கொண்ட தரவு, எந்தக் கோப்பிலும் இல்லாதது, அநாமதேயப் பக்கம். திறந்து வைத்திருக்கும் உலாவித் தாவலின் உள்ளடக்கம், நீங்கள் இன்னும் சேமிக்காத படம், இதெல்லாம் இந்த இரண்டாம் வகை.

ஸ்வாப் இல்லையென்றால் அநாமதேயப் பக்கங்களை ரேமிலிருந்து நகர்த்தவே வழி இல்லை. பத்து நாளாக யாரும் தொடாத பக்கமாக இருந்தாலும் மேசையிலேயே கிடக்கும். நெருக்கடி வரும்போது கெர்னலால் நூலகப் புத்தகங்களை மட்டும்தான் திருப்ப முடியும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்: ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் கட்டளைகளே கோப்புப் பக்கங்கள்தாம்! அவற்றைத் தூக்கிவிட்டால் அடுத்த நொடியே டிஸ்க்கிலிருந்து மறுபடி படிக்க வேண்டும்.

நானே இதில் மாட்டியிருக்கிறேன். 8 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினியில் "வேகமாகட்டும்" என்று ஸ்வாப்பை அணைத்து வைத்தேன். ஒரு நாள் நினைவகம் நிரம்பியது. சுட்டி நகரவில்லை, டிஸ்க் விளக்கு மட்டும் அணையாமல் எரிந்தது. ஸ்வாப்பே இல்லாத கணினி டிஸ்க்கில் அப்படி என்ன தேடுகிறது என்று அன்றைக்குப் புரியவில்லை. தன் நிரல்களின் கட்டளைகளையே தூக்கிப் போட்டு, திரும்ப எடுத்து, மறுபடி தூக்கிப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஸ்வாப் கூடுதல் ரேம் இல்லை. வேறெங்கும் பிரதி இல்லாத பக்கங்களை வைக்க ஓர் இடம். அது இருந்தால்தான் எதை வெளியே அனுப்பலாம் என்று தேர்ந்தெடுக்கக் கெர்னலுக்கு இரண்டு வகையும் கிடைக்கும்.

## நிரலுக்குத் தெரியாமல் எப்படி நடக்கிறது?

நிரல் ஒருபோதும் ரேமின் உண்மையான முகவரியைப் பார்ப்பதில்லை. அதற்குத் தெரிந்தது மெய்நிகர் முகவரி, அதாவது அந்த நிரலுக்கென்று மட்டும் கொடுக்கப்பட்ட எண். அந்த எண்ணை ரேமில் உள்ள நிஜ இடத்தோடு இணைக்கும் பட்டியல்தான் பக்க அட்டவணை. இந்த யோசனை பழையது; மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1962ல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியிலேயே இது இருந்தது.

பக்க அட்டவணையின் ஒவ்வொரு வரியிலும் ஒரு பிட் உண்டு. அது 1 என்றால் பக்கம் ரேமில் இருக்கிறது. 0 என்றால் இல்லை. 0 உள்ள வரியை நிரல் தொட்டால் செயலி வேலையை நிறுத்திக் கெர்னலைக் கூப்பிடும். இந்த அழைப்புக்குப் பேஜ் ஃபால்ட் என்று பெயர். பெயரில் 'தவறு' இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், இது அன்றாடம் நடக்கிற சாதாரண விஷயம். கெர்னல் பக்கத்தை டிஸ்க்கிலிருந்து எடுத்து ரேமில் வைத்து, அட்டவணையைத் திருத்தி, "சரி, தொடரு" என்று நிரலை விடும். நடுவில் எதுவும் நடந்ததாக நிரலுக்குத் தெரியவே தெரியாது.

தெரிவது நமக்குத்தான், தாமதமாக. ரேமிலிருந்து படிக்கச் சுமார் 100 நானோவினாடி ஆகும். நல்ல எஸ்எஸ்டியில் சுமார் 100 மைக்ரோவினாடி. பழைய ஹார்ட் டிஸ்க்கில் சுமார் 10 மில்லிவினாடி. எண்களாகப் பார்த்தால் எல்லாமே சின்னதாகத் தெரியும். ரேமின் நேரத்தை ஒரு வினாடி என்று நீட்டிப் பாருங்கள்: எஸ்எஸ்டிக்குப் பதினேழு நிமிடம், ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு நாளைக்கும் மேல். கணக்குப் புத்தகத்தை எவ்வளவு அழகாக எழுதினாலும் இந்த இடைவெளி மறையாது.

எந்தப் பக்கத்தை வெளியே அனுப்புவது என்பதைக் கெர்னல், அண்மையில் எது தொடப்பட்டது எது தொடப்படவில்லை என்று பார்த்து முடிவு செய்கிறது. அது தனிக் கதை, இங்கே வேண்டாம். ஒரே ஒரு திருத்தம் மட்டும் சொல்லிவிடுகிறேன். ஸ்வாப்பினெஸ் என்ற அமைப்பு எண் வழக்கமாக 60 என்று இருக்கும். "ரேம் 60 சதவீதம் நிரம்பியதும் ஸ்வாப் தொடங்கும்" என்று இதற்குப் பொருள் சொல்பவர்கள் ஏராளம். அது சதவீதமே இல்லை. கோப்புப் பக்கம், அநாமதேயப் பக்கம் இரண்டில் எந்த வகையை அதிகம் வெளியே அனுப்ப வேண்டும் என்று சொல்லும் எடை. லினக்ஸ் 5.8லிருந்து அதை 200 வரைகூட வைக்கலாம்.

## டோக்கன் கொடுக்கும் இடம்

இனி கணக்குக்கு வருவோம். பையை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுக்கும் இடங்களைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் பை 3ஆம் அலமாரியில் 417ஆம் அறையில் இருக்கிறது. டோக்கனில் '3 - 417' என்று எழுதிக் கொடுக்கிறார்கள். திரும்பி வந்து நீட்டினால் நேராகப் போய் எடுத்துத் தருவார்கள். புத்தகத்தைப் புரட்டித் தேட வேண்டியதில்லை.

லினக்ஸ் பல்லாண்டுகளாகச் செய்து வந்தது அப்படியே இதுதான். பக்கத்தை வெளியே அனுப்பும்போது பக்க அட்டவணையின் அந்த வரியில் மேலே சொன்ன பிட்டை 0 ஆக்கிவிடும். பிட் 0 என்றால் வரியில் மற்றபடி என்ன எழுதியிருக்கிறது என்று செயலி பார்ப்பதில்லை. அந்தக் காலி இடத்தில் கெர்னல் தன் டோக்கனை எழுதிக்கொள்கிறது: எந்த ஸ்வாப் சாதனம், அதில் எத்தனையாவது அறை. இந்த அறைக்கு ஸ்லாட் என்று பெயர். ஒரு ஸ்லாட்டில் ஒரு பக்கம். கூடுதலாக ஒரு பைட் நினைவகமும் செலவில்லை. கஞ்சத்தனமான, கெட்டிக்கார ஏற்பாடு. நான் முதன்முதலில் இதைப் படித்தபோது ரசித்துச் சிரித்தேன்.

## புத்தகங்கள் பெருகின

டோக்கன் மட்டும் போதாது. ஒரு செயல்முறை (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) தன்னைப் பிரதியெடுத்துக்கொண்டால் ஒரே பக்கத்துக்கு இரண்டு உரிமையாளர்கள் வந்துவிடுவார்கள், டோக்கனுக்கு நகல் எடுத்த மாதிரி. இரண்டு பேரும் வாங்கிப் போன பிறகுதான் அறையைக் காலி என்று குறிக்கலாம். எத்தனை டோக்கன் வெளியே இருக்கிறது என்று எண்ண ஒரு பட்டியல் வேண்டும். இதற்கு ஸ்வாப் மேப் என்று பெயர். ஸ்லாட்டுக்கு ஒரு பைட்.

அடுத்த சிக்கல். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் டோக்கனை நீட்டினால்? ஆளுக்கொரு பணியாளர் ஓடி, ஒரே பையின் இரண்டு பிரதிகள் வெளியே வந்துவிடக் கூடாது. யார் முதலில் வந்தாலும் பக்கத்தை ஒரு பொதுவான இடத்தில் வைக்க வேண்டும், அடுத்தவர் முதலில் அங்கே எட்டிப் பார்க்க வேண்டும். அந்தப் பொது இடம் ஸ்வாப் கேஷ். அது மரக்கிளை போலப் பிரியும் ஒரு தேடல் அமைப்பில் இருந்தது.

இதோடு நிற்கவில்லை. பல நிரல்களைக் குழுவாக்கி, ஒவ்வொரு குழுவுக்கும் நினைவக வரம்பு வைக்கும் வசதி வந்தது. எந்த ஸ்லாட் எந்தக் குழுவின் கணக்கு என்று எழுத இன்னொரு பட்டியல் சேர்ந்தது, ஸ்லாட்டுக்கு இரண்டு பைட். பக்கங்களைச் சுருக்கி ரேமிலேயே வைக்கும் இசட்ஸ்வாப் 2013ல் வந்தது. அதற்குத் தனியாக ஒரு மரம். ஒரே அறையைப் பற்றி நான்கு புத்தகங்களில் நான்கு குறிப்புகள். ஒவ்வொன்றும் வந்தபோது நியாயமாகத்தான் வந்தது, யாரையும் குறை சொல்ல முடியாது.

ஆனால் நான்கும் எப்போதும் ஒத்துப்போக வேண்டுமே! அதற்குப் பூட்டுகள் தேவை. பூட்டு என்றால், ஒரு செயலி புத்தகத்தில் எழுதும்போது மற்றவை காத்திருக்கும் ஏற்பாடு. நான்கு செயலிக் கருக்கள் (கோர்கள்) இருந்தபோது பெரிதாகத் தெரியவில்லை. நூறு கருக்கள் ஒரே புத்தகத்துக்கு வரிசையில் நின்றால் எஸ்எஸ்டி சும்மா இருக்கும், வரிசை மட்டும் நீளும். 2017ல் ஸ்வாப் கேஷை 64 எம்பிக்கு ஒரு மரம் என்று உடைத்துப் பார்த்தார்கள். கொஞ்சம் தணிந்தது.

பழைய கணக்கில் ஹார்ட் டிஸ்க்கின் நிழலும் படிந்திருந்தது. சுழலும் தட்டில் முள் அங்குமிங்கும் ஓடாமல் இருக்க ஸ்லாட்களை அடுத்தடுத்துக் கொடுப்பதுதான் அன்றைய கவலை. எஸ்எஸ்டியில் முள்ளே கிடையாது.

சரி, எங்கே நிற்கிறோம்? பக்க அட்டவணையில் டோக்கன் இருக்கிறது, அதில் அலமாரி எண் நேரடியாக எழுதியிருக்கிறது. அந்த அறையைப் பற்றிய மற்ற விவரங்கள் பல புத்தகங்களில் சிதறிக் கிடக்கின்றன. இரண்டும் தனித்தனிச் சிக்கல்கள். திருத்தி எழுதும் வேலையும் அதனால் இரண்டு முனைகளில் நடக்கிறது.

## முதல் முனை: ஒரே புத்தகம்

கெர்னல் எழுதுபவர்களான கைரூயி சாங், க்ரிஸ் லி ஆகியோர் முன்னின்று செய்துவரும் வேலை இது. இதன் பெயர் ஸ்வாப் டேபிள். முதல் கட்டம் 2025 இறுதியில் வெளியான லினக்ஸ் 6.18ல் சேர்ந்தது.

யோசனை எளிமையானது. ஸ்லாட்களை 512, 512 ஆகக் கட்டுக் கட்டுகிறார்கள். இந்தக் கட்டுக்கு க்ளஸ்டர் என்று பெயர், டிஸ்க்கில் 2 எம்பி பிடிக்கும். க்ளஸ்டர் என்பது முன்பே இருந்ததுதான். இப்போது ஒவ்வொரு க்ளஸ்டருக்கும் 512 கட்டங்கள் கொண்ட ஓர் அட்டவணை. கட்டத்துக்கு 8 பைட். பெருக்கிப் பாருங்கள்: 512 x 8 = 4,096. மிகச் சரியாக ஒரு பக்கம்! வீணாகும் இடம் சுழியம்.

ஒரு கட்டத்தில் மூன்றில் ஒன்று இருக்கும். காலியாக இருக்கலாம். பக்கம் இப்போது ரேமிலும் இருந்தால் அதன் முகவரி இருக்கும், அதாவது ஸ்வாப் கேஷ் தனி மரமாக இல்லாமல் இதற்குள்ளேயே வந்துவிட்டது. பக்கம் வெளியே போய்விட்டிருந்தால் எப்போது போனது என்பதற்கான சின்னக் குறிப்பு இருக்கும். போன வேகத்தில் திரும்பி வந்தால், "இதை அனுப்பியிருக்கக் கூடாது" என்று கெர்னல் தெரிந்துகொள்ள அது உதவும்.

மரத்தில் கிளை கிளையாக இறங்க வேண்டியிருந்தது, அட்டவணையில் எண்ணைப் பார்த்து நேராகப் போகலாம். பூட்டும் க்ளஸ்டருக்கு ஒன்றாகப் பிரிந்துவிட்டதால், வேறு வேறு க்ளஸ்டரில் வேலை செய்யும் செயலிகள் ஒன்றுக்கொன்று காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு க்ளஸ்டரில் எதுவுமே இல்லையென்றால் அதற்கு அட்டவணையே கிடையாது, தேவைப்படும்போதுதான் உருவாகும். டோக்கன் எண்ணும் பட்டியல் போன்றவற்றையும் படிப்படியாக இதே அட்டவணைக்குள் கொண்டுவருவது திட்டம். மொத்தத்தையும் ஒரே நாளில் பெயர்த்தெடுக்காமல் கட்டம் கட்டமாகப் போவது எனக்குச் சரியென்றே படுகிறது. ஓடும் வண்டியில் சக்கரம் மாற்றுகிற வேலை இது.

க்ளஸ்டருக்கு இன்னொரு பயனும் உண்டு. இப்போதெல்லாம் கெர்னல் 4 கேபிப் பக்கங்கள் பலவற்றை ஒன்றாகக் கோத்து, 64 கேபி போன்ற பெரிய துண்டுகளாகவும் நிர்வகிக்கிறது. 16 பையோடு வரும் கூட்டத்துக்கு 16 அறைகள் அடுத்தடுத்து வேண்டும். நூறு அறை காலியாக இருந்தும் எல்லாம் சிதறி இருந்தால் பிரயோசனம் இல்லை. பெரிய துண்டுகளுக்கென்று சில க்ளஸ்டர்களை ஒதுக்கி, ஒற்றைப் பைகள் நடுவில் புகுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் முறை 2024ல் வந்தது.

## இரண்டாம் முனை: டோக்கனில் அலமாரி எண் வேண்டாம்

டோக்கனில் '3 - 417' என்று எழுதியது கெட்டிக்காரத்தனம் என்றேன். அதன் வம்பு இப்போது தெரியும். 3ஆம் அலமாரியைக் கழற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பைகளை 5ஆம் அலமாரிக்கு மாற்றலாம்தான். ஆனால் வெளியே போன டோக்கன்களில் இன்னும் '3 - 417' என்றல்லவா இருக்கிறது? எந்த டோக்கன் யாரிடம் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. மண்டபத்தில் இருக்கும் ஒவ்வொருவரின் சட்டைப்பையையும் தேட வேண்டியதுதான்.

லினக்ஸில் ஒரு ஸ்வாப் சாதனத்தை அணைக்கும்போது நடப்பது இதேதான். கெர்னல் எல்லாச் செயல்முறைகளின் பக்க அட்டவணைகளையும் வரி வரியாகத் துழாவி, அந்தச் சாதனத்தின் டோக்கன்களைக் கண்டுபிடித்து, பக்கங்களை ரேமுக்குக் கொண்டுவருகிறது. ஸ்வாப்பை அணைக்கும் கட்டளை சில நேரம் நிமிடக் கணக்கில் முடியாமல் நிற்பதற்குக் காரணம் இதுதான். பக்கத்தை வேகமான சாதனத்திலிருந்து மெதுவான சாதனத்துக்கு மாற்றுவதும் இதே காரணத்தால் பெரும்பாடு.

இசட்ஸ்வாப்பின் நிலைமை இன்னும் விசித்திரம். பக்கம் சுருங்கி ரேமிலேயே இருக்கிறது, டிஸ்க்கைத் தொடவே இல்லை. ஆனால் டோக்கன் என்றாலே அலமாரி எண்தான் என்பதால், டிஸ்க்கில் ஓர் அறையை ஒதுக்கியே ஆக வேண்டும். யாரும் வைக்காத பைக்குப் பூட்டிய அறை! ஸ்வாப் கோப்பே இல்லாமல் இசட்ஸ்வாப்பைப் பயன்படுத்த முடியாமல் போனது இதனால்தான்.

இதற்குத் தீர்வாகப் பேசப்படுவது மெய்நிகர் ஸ்வாப். டோக்கனில் வெறும் '90210' என்று வரிசை எண் மட்டும் இருக்கும். அந்த எண்ணுக்குரிய பை எங்கே என்பதைக் கவுன்டரில் உள்ள புத்தகம் சொல்லும்: இந்த அலமாரி, அந்த அலமாரி, சுருக்கி மேசைக்கடியில், எதுவாகவும் இருக்கலாம். பையை நகர்த்தினால் புத்தகத்தில் ஒரே ஒரு வரியைத் திருத்தினால் போதும். யாருடைய சட்டைப்பையையும் தேட வேண்டாம். நிரலுக்கு மெய்நிகர் முகவரி கொடுத்த அதே பழைய தந்திரத்தை, கெர்னல் இப்போது தனக்கே ஒருமுறை செய்துகொள்கிறது.

## அப்படியென்றால் மெய்நிகர் ஸ்வாப் வர ஏன் தாமதம்?

நடுவில் ஒரு புத்தகம் வந்தால் ஒவ்வொரு முறையும் அதைப் புரட்ட வேண்டும். அதைவிடப் பெரிய கேள்வி, அந்தப் புத்தகம் எங்கே இருக்கும் என்பது. ரேமில்தான்! ரேமைக் காலி செய்ய வந்த ஏற்பாடே ரேமைத் தின்றால் நன்றாகவா இருக்கும்? 16 ஜிபி ஸ்வாப்பில் சுமார் 42 லட்சம் ஸ்லாட்கள் உண்டு. ஸ்லாட்டுக்கு 8 பைட் என்றால் எல்லாம் நிரம்பும்போது 32 எம்பி. வீட்டுக் கணினியில் யாரும் கவனிக்க மாட்டார்கள். பெரிய சேவையகத்தில் 1 டிபி ஸ்வாப் வைத்தால் சுமார் 26.8 கோடி ஸ்லாட்கள், அதே 8 பைட்டுக்கு 2 ஜிபி போய்விடும். ஸ்லாட்டுக்கு ஒரு பைட் கூடினாலே 256 எம்பி.

அதனால் கெர்னல் எழுதுபவர்களிடையே நடக்கும் வாதம் பெரும்பாலும் பைட் கணக்கில்தான் இருக்கிறது. ஒரே ஒரு ஸ்வாப் சாதனத்தோடு, எதையும் நகர்த்தாமல் இருப்பவர் ஏன் இந்தக் கூடுதல் விலையைக் கொடுக்க வேண்டும் என்பது ஒரு தரப்பின் கேள்வி. இரண்டு முறைகளையும் வைத்துக்கொண்டால் இரண்டையும் காலகாலத்துக்கும் பராமரிக்க வேண்டுமே என்பது மறு தரப்பின் கேள்வி. நியாயம் இரண்டு பக்கமும் இருக்கிறது.

உங்கள் கணினியில் இவற்றில் எதுவும் கண்ணுக்குத் தெரியப் போவதில்லை. 'ஃப்ரீ' கட்டளை காட்டும் ஸ்வாப் வரி அப்படியேதான் இருக்கும். அதில் 'பயன்பட்டது' என்ற எண் கொஞ்சம் ஏறியிருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம், நாள்கணக்கில் தொடாத பக்கங்கள் இழுப்பறைக்குப் போயிருக்கும், அவ்வளவுதான். கவனிக்க வேண்டியது 'விஎம்ஸ்டாட்' கட்டளை காட்டும் 'எஸ்ஐ', 'எஸ்ஓ' என்ற இரண்டு பத்திகளை. ஸ்வாப்பிலிருந்து உள்ளே வருவதும் ஸ்வாப்புக்கு வெளியே போவதும் அவற்றில் தெரியும். இரண்டும் விடாமல் ஓடிக்கொண்டே இருந்தால் கணக்குப் புத்தகம் பழையதா புதியதா என்று ஆராய்ந்து பயனில்லை. மேசை போதவில்லை, ரேம் வாங்குங்கள்.